நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட்: செலவு விகிதம் 0.10-ஆ, 0.20-ஆ, எதைப் பார்த்து எடுப்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. வயது 31. மாதம் 10,000 ரூபாய் போட முடியும். இருபது வருஷம் தொடப்போவதில்லை. நிஃப்டி 50 (ஐம்பது பெரிய கம்பெனிகளின் பங்குகளைக் கொண்ட குறியீடு) இண்டெக்ஸ் ஃபண்ட், அதாவது அந்தக் குறியீட்டில் உள்ள பங்குகளை அதே விகிதத்தில் வாங்கி வைக்கும் ஃபண்ட், என்று முடிவு செய்துவிட்டீர்கள். ஒரு கம்பெனியின் ஃபண்டில் செலவு விகிதம் (ஃபண்டை நடத்த வருஷா வருஷம் உங்கள் பணத்திலிருந்து எடுப்பது) 0.10 சதவீதம், இன்னொன்றில் 0.20, மூன்றாவது ஒன்று 10 ரூபாய் என்ஏவியில் (ஒரு யூனிட்டின் விலை) புதிதாக வந்திருக்கிறது. இதில் எது? கூடவே எஸ்ஐபி என்ற மாதத் தவணையின் தேதி 5-ஆ 25-ஆ என்றும் கேட்டிருக்கிறீர்கள். இவ்வளவையும் படித்தபோது எனக்குக் கேட்டது வேறு கேள்வி: "இன்றைக்குத் தெரியாமல் ஒன்றைத் தொட்டுவிட்டு இருபது வருஷம் கழித்து வருத்தப்படுவேனோ?" அந்தப் பயத்தை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

நான் பதினோரு வருஷம் ஒரு ஃபண்ட் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தவன். இண்டெக்ஸ் திட்டங்களுக்கு ராத்திரி என்ஏவி போட்டு அனுப்புவதுதான் வேலை. முதலீட்டு ஆலோசகராக, சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியில் பதிவு செய்தவன் இல்லை. உங்கள் கடன், வீட்டு நிலைமை எதுவும் எனக்குத் தெரியாது. அதனால் இந்த ஃபண்டை வாங்குங்கள் என்று பெயர் சொல்ல மாட்டேன். ஃபண்டுக்குள் பணம் எப்படி நகர்கிறது, எங்கே கசிகிறது என்பது தெரியும். அதை வைத்து நீங்களே பார்த்துக்கொள்ளும்படி சொல்கிறேன்.

0.10, 0.20 என்று நீங்கள் பார்த்த இரண்டும் டைரக்ட் பிளானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். 2013 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு திட்டத்திலும் டைரக்ட், ரெகுலர் என்று இரண்டு வழிகள் உண்டு. உள்ளே இருக்கும் பங்குகள் ஒன்றேதான். ரெகுலரில் விநியோகஸ்தர் கமிஷனும் சேர்ந்து போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். தன் வங்கியின் ஆப்பில் தானே வாங்கியதால் அது டைரக்ட்தான் என்று மூன்று வருஷம் நம்பிக்கொண்டிருந்தார். ஒருங்கிணைந்த கணக்கறிக்கையை எடுத்து வரச் சொன்னேன். திட்டத்தின் பெயர் ஓடும் வரியில், கடைசியில், பொடி எழுத்தில் 'ரெகுலர் பிளான்' என்று இருந்தது. அதன் பக்கத்தில் 'அட்வைசர்' என்ற இடத்தில், டைரக்ட் என்று வருவதற்குப் பதில் ஏஆர்என் என்று தொடங்கும் ஓர் எண். அந்த எண் இருந்தால் நடுவில் ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம். மார்ச், செப்டம்பரில் முடியும் அரையாண்டு அறிக்கையில் அவருக்குப் போன கமிஷனை ரூபாயிலேயே போட்டிருப்பார்கள். அந்தத் தொகையைப் பார்த்துவிட்டு ஆசிரியர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

நல்ல விநியோகஸ்தர் வாங்கும் கமிஷன் வீண் என்று நான் சொல்லவில்லை. சந்தை விழும்போது "அண்ணே, விக்காதீங்க" என்று போன் போட்டுத் தடுக்கிற ஆள் கிடைத்தால் அந்தக் காசு தகும். ஆனால் யாரும் எதுவும் சொல்லாத ஓர் ஆப்புக்கு இருபது வருஷம் கமிஷன் கொடுக்க ஒரு காரணமும் இல்லை.

இப்போது 0.10, 0.20 விஷயம். கணக்குக்காக மட்டும் குறியீடு வருஷத்துக்கு 12 சதவீதம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். தரும் என்று நான் சொல்லவில்லை. மாதம் 10,000 வீதம் இருபது வருஷத்தில் நீங்கள் போடுவது 24 லட்சம். செலவு 0.10 என்றால் கடைசியில் கையில் ஏறத்தாழ 97 லட்சத்து 60 ஆயிரம். 0.20 என்றால் 96 லட்சத்து 30 ஆயிரம். வித்தியாசம் 1 லட்சத்து 30 ஆயிரம். இதே ரெகுலரில் 0.60 பிடிக்கிறார்கள் என்றால் 91 லட்சத்து 30 ஆயிரம்தான் வரும். ஆறு லட்சத்துக்கு மேல் போய்விடும். ஆக டைரக்ட் என்று உறுதியானதுமே பெரிய ஓட்டை அடைபட்டுவிட்டது. 0.10-க்கும் 0.20-க்கும் நடுவில் நீங்கள் தூக்கம் கெட வேண்டிய அளவுக்கு எதுவும் இல்லை. அதோடு இந்த விகிதம் நிரந்தரமும் இல்லை. மூன்று வேலை நாள் முன்னதாக அறிவித்துவிட்டு நிறுவனம் அதை மாற்றலாம். ஆட்களைச் சேர்க்கத் தொடக்கத்தில் மிகக் குறைவாக வைத்து, பணம் சேர்ந்த பிறகு ஏற்றுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் உண்மையில் பார்க்க வேண்டிய எண் வேறு. அதை டிராக்கிங் டிஃபரன்ஸ் என்பார்கள். குறியீடு கொடுத்த லாபத்துக்கும் ஃபண்ட் கொடுத்த லாபத்துக்கும் உள்ள இடைவெளி அது. நகைக்கடையில் செய்கூலி குறைவு என்று போர்டு வைத்திருப்பார்கள், சேதாரத்தில் பிடித்துவிடுவார்கள். பில்லின் அடியில் உள்ள மொத்தத்தைப் பார்த்தால்தான் எந்தக் கடை மலிவு என்று தெரியும். செலவு விகிதம் செய்கூலி மாதிரி. டிராக்கிங் டிஃபரன்ஸ் செய்கூலி, சேதாரம் இரண்டும் சேர்ந்தது. செலவு 0.10 என்று சொல்லும் ஒரு ஃபண்ட் குறியீட்டைவிட 0.45 பின்தங்கியிருந்தால், 0.20 செலவில் 0.25 மட்டும் பின்தங்கிய ஃபண்டே உங்களுக்கு மலிவு. பெயர் ஒன்றுபோல இருக்கும் டிராக்கிங் எரர் என்று இன்னொன்று உண்டு. அது அன்றாட ஏற்ற இறக்கத்தில் ஃபண்ட் குறியீட்டை விட்டு எவ்வளவு தள்ளாடுகிறது என்பதன் அளவு. அதுவும் குறைவாக இருப்பது நல்லதுதான். ஆனால் கடைசியில் உங்கள் கைக்கு எவ்வளவு வந்தது என்பதை முதல் எண்தான் சொல்லும்.

அந்தச் சேதாரம் எங்கிருந்து வருகிறது? நான் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். நிஃப்டி 50-இல் எந்தக் கம்பெனிகள் இருக்கலாம் என்பதை வருஷத்துக்கு இரண்டு முறை, மார்ச் கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் மாற்றுவார்கள். யார் உள்ளே, யார் வெளியே என்பது சில வாரம் முன்னாலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும். மாற்றம் அமலுக்கு வருவதற்கு முந்தைய வேலை நாளில் மத்தியானம் மூன்று மணிக்கு டீலிங் அறை அப்படியே அமைதியாகிவிடும். நான் இருந்த காலத்தில் ஒரு பங்கின் முடிவு விலை என்பது கடைசி அரைமணி நேர வர்த்தகத்தின் சராசரி. குறியீடு அந்த விலையில்தான் கணக்குப் போடும். அதனால் நாங்களும் அந்த அரைமணிக்குள் வெளியேறும் பங்கை விற்று, புதியதை வாங்கி, அந்தச் சராசரிக்கு ஒட்டி நிற்க வேண்டும். எல்லா இண்டெக்ஸ் ஃபண்டும் அதே நேரத்தில் அதே பங்கைத்தான் துரத்தும். எங்கள் டீலர் ஆர்டரைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, நிமிடத்துக்கு இவ்வளவு என்று அனுப்பிக்கொண்டே இருப்பார். ஒரு செப்டம்பரில் ஒரு பெரிய ஆர்டர் கடைசி நாலு நிமிடத்துக்குத் தேங்கிப்போய், சராசரியைவிட அதிக விலையில் வாங்க வேண்டியதாயிற்று. அன்று ராத்திரி என்ஏவி போடும்போது அந்தப் பிசிறு என் திரையில் தெரிந்தது. ஒரு நாள் பிசிறு ஒன்றுமில்லை. பல வருஷம் சேர்ந்தால் அது ஓர் எண்ணாகிவிடும்.

இன்னொரு கசிவு, கம்பெனிகள் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குத் தரும் டிவிடெண்ட். குறியீட்டின் மொத்த வருவாய்க் கணக்கில், டிவிடெண்ட் உரிமை நீங்கும் நாளிலேயே அந்தப் பணம் திரும்பப் பங்காக முதலீடு ஆகிவிட்டதாக வைத்துக்கொள்வார்கள். ஃபண்டிலும் அன்றே வரவு எழுதுவோம், ஆனால் பணம் வங்கிக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அது பங்காக இருந்து ஏற முடியாது. ரிடீம் செய்பவர்களுக்கு, அதாவது யூனிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணம் எடுப்பவர்களுக்கு, கொடுக்கக் கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்திருக்க வேண்டும். அதுவும் சும்மா கிடக்கும். பங்கு வாங்கினாலும் விற்றாலும் 0.1 சதவீதம் எஸ்டிடி என்ற பங்குப் பரிவர்த்தனை வரி, அதற்கு மேல் தரகு. இவை குறியீட்டுக்குக் கிடையாது, ஃபண்டுக்கு உண்டு. அதனால்தான் குறியீட்டை அப்படியே எட்டிப் பிடிக்கும் ஃபண்ட் என்று ஒன்று இல்லை. கொஞ்சமாகவும் சீராகவும் பின்தங்குவதே நல்ல வேலைக்கு அடையாளம். ஏதோ ஒரு வருஷம் ஒரு ஃபண்ட் குறியீட்டைத் தாண்டிவிட்டது என்றால் நான் சந்தோஷப்பட மாட்டேன். எப்படித் தாண்டியது என்று பார்ப்பேன். ரொக்கத்தை அதிகம் வைத்திருந்தபோது சந்தை விழுந்திருக்கலாம்.

இந்த எண்ணைத் தேடிப் பிடிப்பது சிரமமில்லை. 2022-இல் செபி கொண்டுவந்த விதிப்படி ஒவ்வொரு நிறுவனமும் மாதாமாதம் தன் இணையதளத்தில் ஒரு வருஷம், மூன்று வருஷம், ஐந்து வருஷம், பத்து வருஷம் என்று டிராக்கிங் டிஃபரன்ஸை வெளியிட வேண்டும். மூன்று, ஐந்து வருஷ எண்களை நாலைந்து ஃபண்டுகளுக்குப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அரைமணி வேலை. ஒப்பிடும்போது டிஆர்ஐ என்ற மொத்த வருவாய்க் குறியீட்டோடுதான் ஒப்பிட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பேப்பரில் தினமும் வரும் நிஃப்டி எண்ணில் டிவிடெண்ட் சேராது. அதை வைத்து ஒப்பிட்டால் எந்தச் சுமாரான ஃபண்டும் ஜெயித்த மாதிரி தெரியும். 2018 பிப்ரவரி முதல் டிஆர்ஐயோடுதான் காட்ட வேண்டும் என்று செபி கட்டாயமாக்கிய பிறகு அந்த ஏமாற்று குறைந்துவிட்டது. ஆனாலும் விளம்பரப் படங்களில் இன்னமும் கண்ணில் படுகிறது.

10 ரூபாய் என்ஏவி பற்றி. அது மலிவும் இல்லை, விலை உயர்வும் இல்லை. 10,000 ரூபாய்க்கு 10 ரூபாய் வீதம் ஆயிரம் யூனிட் வரும், 200 ரூபாய் வீதம் ஐம்பது யூனிட் வரும். நிஃப்டி 10 சதவீதம் ஏறினால் இரண்டும் 11,000 ஆகும். புது ஃபண்டில் எனக்கு இருக்கும் ஒரே தயக்கம், மேலே சொன்ன மூன்று வருஷக் கணக்கு அதற்கு இல்லை என்பது. அதே குறியீட்டுக்குப் பழைய ஃபண்டுகள் இத்தனை இருக்கும்போது அதற்கு அவசரம் என்ன?

ஃபண்ட் கம்பெனியே மூடிவிட்டால் என்ற பயம் உங்கள் கேள்வியில் இல்லை, ஆனால் இருபது வருஷம் என்று சொல்லும் எல்லோருக்கும் அது உள்ளுக்குள் இருக்கும். பங்குகள் அந்தக் கம்பெனியின் சொத்து இல்லை; ஒரு அறக்கட்டளையின் பேரில், தனியாக, பங்குகளைப் பாதுகாத்து வைக்கும் ஒரு கஸ்டோடியனிடம் இருக்கின்றன. நம் நாட்டின் முதல் ஈடிஎஃப் (சந்தையில் பங்கு போல வாங்கி விற்கும் ஃபண்ட்) ஆன நிஃப்டி பீஸ் 2001 கடைசியில் பெஞ்ச்மார்க் என்ற நிறுவனத்தில் பிறந்தது. அப்புறம் கோல்ட்மேன் சாக்ஸ், அதன்பின் ரிலையன்ஸ், இப்போது நிப்பான். மூன்று முறை பெயர்ப் பலகை மாறிவிட்டது. முதல் நாள் வாங்கி வைத்தவரின் யூனிட் இன்றும் நிஃப்டியைத்தான் பின்தொடர்கிறது.

ஈடிஎஃப்பில் செலவு இன்னும் குறைவாயிற்றே என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதற்குப் பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டிமேட் கணக்கு வேண்டும், அதன் கட்டணம் உண்டு, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி உண்டு. மாதம் 10,000 தானாகப் போய்ச் சேர வேண்டும் என்கிற உங்களுக்கு இண்டெக்ஸ் ஃபண்டே வசதி. எடுக்கும்போது, லாபம் ஃபண்டுக்குள்ளேயே சேரும் குரோத் என்பதையே எடுங்கள். ஐடிசிடபிள்யூ என்று இருப்பது நடுவில் பணத்தை வெளியே எடுத்துக் கொடுக்கும், அதற்கு உங்கள் வரி விகிதப்படி வரியும் கட்ட வேண்டும்.

சரி, எடுத்துவிட்டீர்கள், ஐந்து வருஷம் கழித்து அந்த ஃபண்ட் கெட்டுப்போகிறது. செலவை ஏற்றிவிட்டார்கள், அல்லது பின்தங்கல் அதிகமாகிவிட்டது. அப்போது எல்லாவற்றையும் விற்று வேறு ஃபண்டுக்கு ஓடிவிடாதீர்கள். ஸ்விட்ச் என்று பெயர் வைத்திருந்தாலும் வரித்துறைக்கு அது விற்பனைதான். 2024 ஜூலை 23 முதலான விதிப்படி, ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த பங்கு ஃபண்டில் ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் லாபம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். ஒரு வருஷத்துக்குள் விற்றால் 20 சதவீதம். எஸ்ஐபியில் ஒவ்வொரு தவணைக்கும் அந்த ஒரு வருஷம் தனித்தனியாக ஓடும். பழைய யூனிட்டை அப்படியே விட்டுவிட்டு, புது எஸ்ஐபியை மட்டும் நல்ல ஃபண்டில் தொடங்குங்கள். பழையதை வருஷா வருஷம் அந்த 1.25 லட்சத்துக்குள் மெல்ல நகர்த்தலாம். பார்த்தீர்களா, இன்றைய தேர்வில் தவறினாலும் திருத்த வழி இருக்கிறது. உங்கள் பயத்துக்கு இதுதான் பாதிப் பதில்.

மீதிப் பாதிக்கு என்னிடம் அவ்வளவு உறுதியான பதில் கிடையாது. செலவு குறைந்தால் அந்த அளவுக்கு உங்கள் கையில் மிஞ்சும் என்பது உறுதி. அது வெறும் கணக்கு. பெரிய கம்பெனிப் பங்குகளில் நீண்ட காலத்தில் தாங்களே பங்கு தேர்ந்தெடுக்கும் ஃபண்ட் மேலாளர்களில் பெரும்பாலோர் குறியீட்டைத் தாண்டுவதில்லை என்பதும் கிட்டத்தட்ட உறுதி. வருஷா வருஷம் வரும் ஒப்பீடுகளில் அது திரும்பத் திரும்பத் தெரிகிறது. நடுத்தர, சிறு கம்பெனிகளில் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. நிஃப்டி 50 தான் சரியான குறியீடா என்பதும் விவாதத்துக்கு உரியது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வங்கியும் நிதித்துறையும்தான். நெக்ஸ்ட் 50, மிட்கேப் 150, நிஃப்டி 500 என்ற வேறு குறியீடுகளைச் சேர்த்துக்கொள்ளலாம். முதல் இரண்டும் ஏறும்போது வேகமாக ஏறும், விழும்போதும் அப்படியே. மொமெண்டம் (வேகமாக ஏறிவரும் பங்குகள்), ஆல்ஃபா (சந்தையை மிஞ்சி ஏறிய பங்குகள்) என்று புதிதாக வரும் குறியீடுகளைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. பின்னோக்கிப் பார்த்து நன்றாக இருந்த விதியைத்தான் குறியீடாக்குகிறார்கள். முதல் ஃபண்டுக்கு நிஃப்டி 50 அல்லது சென்செக்ஸ் போதும் என்பது என் அபிப்பிராயம், அவ்வளவுதான்.

இண்டெக்ஸ் என்றால் மோசமான கம்பெனி உள்ளே வராது என்று நினைக்காதீர்கள். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் தலைவர் ராமலிங்க ராஜு கணக்கில் மோசடி செய்ததை ஒப்புக்கொண்ட நாளில் அந்தக் கம்பெனி நிஃப்டியில்தான் இருந்தது. சில நாட்களில் தூக்கிவிட்டு வேறொன்றைச் சேர்த்தார்கள். ஐம்பதில் ஒன்று போனது, மற்ற நாற்பத்தொன்பது நின்றன. இண்டெக்ஸ் தரும் பாதுகாப்பு அந்த அளவுக்குத்தான்.

மொத்தச் சந்தையும் விழுந்தால் அதுவும் கிடையாது. 2008 ஜனவரியில் 6,300-ஐ நெருங்கிய நிஃப்டி அதே அக்டோபரில் 2,300-க்குக் கீழே போனது. பழைய உச்சத்தை விட்டுத் தெளிவாக மேலே போக 2014 ஆகிவிட்டது. ஜப்பானின் நிக்கி 1989 கடைசியில் தொட்ட உச்சத்தைத் திரும்பத் தாண்டியது 2024 பிப்ரவரியில்தான், டிவிடெண்டைச் சேர்க்காமல் பார்த்தால். இந்தியாவுக்கு அப்படி ஆகும் என்று சொல்லவில்லை. ஆகவே ஆகாது என்று யாராவது சொன்னால் அவரை நம்பாதீர்கள். 2020 ஜனவரியில் 12,400-ஐத் தொட்ட நிஃப்டி மார்ச்சில் 7,600-க்குக் கீழே வந்தபோது, ரிடெம்ப்ஷன் பட்டியல் தினமும் சாயங்காலம் என் முன்னால் வந்து நின்றது. பெயர்கள் தெரியாது, ஃபோலியோ என்ற முதலீட்டுக் கணக்கு எண்களும் தொகையும்தான். 40,000, 65,000, 1,10,000. பல வருஷம் மாதம் தவறாமல் போட்டவர்கள். அவர்கள் எடுத்த ஃபண்டில் எந்தக் குறையும் இல்லை. பாதிப் பேருக்காவது அந்த மாதம் கையில் வேறு பணம் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். அதனால் ஆறு மாதச் செலவுக்கான பணம் வங்கியில் தனியாக இல்லாவிட்டால், 10,000-இல் பாதியை முதலில் அங்கே போடுங்கள். கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் முழுவதும் அதற்கே போகட்டும். எஸ்ஐபி ஆறு மாதம் தாமதமானால் பரவாயில்லை.

கடைசியாக, எஸ்ஐபி தேதி. 5-ஆ 25-ஆ என்பதால் நீண்ட காலத்தில் சொல்லும்படியான வித்தியாசம் வராது. சம்பளம் வந்த மூன்றாம், நாலாம் நாளாக இருக்கும்படி வையுங்கள். மாதக் கடைசியில் கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பிப்போனால் வங்கி அபராதம் பிடிக்கும். நீங்கள் இவ்வளவு யோசித்து மிச்சப்படுத்தும் 0.10-ஐவிட அந்த மாதம் அது பெரிய தொகை.